மலையடிவாரத்து இலஞ்சி



ஆசிரியப் பயிற்சியை முடித்துத் தென்காசி வட்டாரத்துப் பள்ளியொன்றில் நான் பணியேற்ற புதிது. காலாண்டுத் தேர்வில், 'நம் பகுதிக்கு மழை தரும் பருவக்காற்று எது?' என்றொரு வினாக் கேட்டிருந்தேன். வடகிழக்குப் பருவக்காற்று என்பது பாடநூல் தரும் விடை. வகுப்பில் எல்லாரும் அவ்வாறே எழுதியிருந்தனர். இலஞ்சியிலிருந்து வரும் ஒரு மாணவன் மட்டும், 'இரண்டு காற்றும். ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை' என்று எழுதியிருந்தான். நான் அந்த விடையின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துச் சுழி போட்டேன். விடைத்தாளைக் கொடுத்த அன்று அவன் எழுந்து நின்றான். "சார், அப்படின்னா எங்க வயல்ல கார் நெல்லுக்குத் தண்ணி எங்கேயிருந்து வருது சார்?" என்று கேட்டான். அது புரட்டாசி மாதம். பள்ளியின் சாளரத்துக்கு வெளியே கார் நெல் அறுத்துக் கட்டுக் கட்டாகச் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு விடை கூற இயலவில்லை. 'உட்கார்' என்று மட்டும் சொன்னேன்.

நான் அந்தப் பக்கத்தில் பிறந்தவன் அல்லேன். கிழக்கே, வானம் பார்த்த கரிசல் காட்டு ஊரொன்றில் பிறந்தவன். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி மழைதான். ஆடி மாதம் என்பது புழுதி பறக்கும் மாதம். நான் பிறந்த ஊருக்கும் நான் பாடம் சொன்ன ஊருக்கும் இடையே ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான் இருந்தது. ஆயினும் வானம் வேறாக இருந்தது. இதனை அறியாமலேயே அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்கத் தொடங்கியிருந்தேன். அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பிறகுதான் இலஞ்சியை நான் படிக்கத் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும். அவ்வாறு படித்தவற்றுள் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இலஞ்சி என்னும் சொல் நீர்நிலையைக் குறிப்பது. சங்கப் பாட்டுகளிலேயே இப்பொருளில் இது வழங்கக் காண்கிறோம். மகிழ மரத்துக்கும் இலஞ்சி என்று பெயர் உண்டு. குளத்தால் ஊர் பெயர் பெற்றதா, மரத்தால் பெற்றதா என்று புலவர்கள் வாதிடலாம். ஊரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தவனுக்கு வாதிடத் தோன்றாது. குளங்களும் கால்வாய்களும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளுமாக, எங்குத் திரும்பினும் நீரின் அடையாளமே கண்ணில் படும்.

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய மூன்றுக்கும் நடுவே, எதற்கும் நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் விலகாமல் அமைந்திருப்பது இவ்வூர். மேற்கே குற்றாலத்துத் திரிகூடமலை நிற்கிறது. மூன்று கொடுமுடிகளை உடையதாதலின் திரிகூடம் எனப் பெயர் பெற்றது. இலஞ்சியின் வயல்வரப்பில் நின்று பார்த்தால், மலை ஊரின் கூரைமேல் சாய்ந்து நிற்பது போலத் தோன்றும். ஆனால் ஊரின் விதியை வகுத்தது அந்த மலையன்று. மலையில் உள்ள இடைவெளியே அதனை வகுத்தது.

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே நெடுஞ்சுவராகக் குமரிமுனை நோக்கி ஓடுவதாக நாம் படத்தில் வரைகிறோம். உண்மையில் அச்சுவரில் சில வாயில்கள் உண்டு. அவற்றுள் பெரியது பாலக்காட்டுக் கணவாய். தெற்கே வந்தால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது. அதற்கு வடக்கே பெரியாற்றுப் பக்கத்து மலைகள். தெற்கே அகத்தியமலைத் தொகுதி. இரண்டுக்கும் இடையே நிலம் தாழ்ந்து கிடக்கிறது. அச்சன்கோவில் பக்கமாக நீண்டு செல்லும் மிகப் பழைய நிலவியல் முறிவு மண்டலம் ஒன்று இப்பகுதியை ஊடறுத்துச் செல்வதாக நிலவியலார் கண்டுள்ளனர். இந்தத் தாழ்நிலம் உயிரினங்களுக்கும் ஓர் எல்லையாக இருந்துள்ளது. குளிர்ந்த உயர்மலைக் காடுகளை விட்டு இறங்காத சில தவளை, பல்லி இனங்கள் கணவாயின் இருபுறத்தும் வெவ்வேறாக இருப்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். மனிதனுக்கு வழியாக அமைந்த இடம் ஒரு தவளைக்குக் கடக்க முடியாத அகழியாயிற்று என்பது வியப்பாக இல்லையா?

இனி, அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகிறது. மேலெழும் காற்றுக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடிவதில்லை. ஆகவே கேரளப் பக்கம் பெருமழை கொட்டுகிறது. சிகரத்தைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று வெப்பமடைந்து வறண்டு போகிறது. என் கரிசல் ஊருக்கு வந்தது இந்த வறண்ட காற்றே. கணவாயின் நேர்கிழக்கே நிலைமை வேறு. அங்கே காற்று உயரமான சுவரை ஏறி இறங்க வேண்டியதில்லை. வாயிலில் புகுந்து மேகத்தோடும் ஈரத்தோடும் வெளியே வருகிறது. வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே பொடிப்பொடியாக ஒரு தூறல் முகத்தில் படுகிறது. இதுவே சாரல். குடை பிடித்தாலும் நனைவீர்கள். பிடிக்காவிட்டாலும் அதிகம் நனையமாட்டீர்கள். இக்காற்றின் வலிமையை அறிய விரும்புவோர் ஆடி மாதத்தில் தென்காசிக் கோயிலின் கோபுரவாயிலில் நுழைந்து பார்க்கலாம். எதிர்க்காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும். சுரண்டைப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதும் இக்கணவாயின் கொடையே.

மழைமானி வைத்து அளந்தால் சாரல் பெருங்கணக்கில் வருவதன்று. நெல்லைச் சீமையின் மழையில் வடகிழக்குப் பருவத்துக்கே பெரும்பங்கு; பாடநூல் அந்த அளவில் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆனி ஆடியில் மலையுச்சியில் பெய்யும் மழையே அருவியாக இறங்கி ஆறாகி வயலுக்கு வருகிறது. ஆனியில் விதைத்துப் புரட்டாசியில் அறுக்கும் கார்ப் பயிர் அந்த நீரை நம்பியது. ஐப்பசி மழைக்குப் பின் தொடங்கி மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். கார், பிசானம் என்ற இரண்டு சொற்களுக்குள் இரண்டு பருவக்காற்றுகளும் அடங்கியிருக்கின்றன. அந்த மாணவன் பாடநூலைப் பார்த்து எழுதவில்லை. தன் தந்தையின் வயலைப் பார்த்து எழுதியிருந்தான்.

அருவியாக இறங்கும் அந்த ஆற்றின் பெயர் சிற்றாறு. சித்திரா நதி என்றும் வழங்குவர். மலைமேல் தேனருவி, அதற்குக் கீழே செண்பகாதேவி அருவி, அடிவாரத்தில் பேரருவி என்று படிப்படியாக இறங்குகிறது. பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. அத்தனை உயரத்திலிருந்து விழும் நீர் மனிதனின் தலையில் நேரே விழுந்தால் தாங்க இயலாது. நடுவே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே வழிகிறது. நாம் தலையைக் காட்டிக் குளிப்பது அதனால்தான்.

இங்கே இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அருவியின் நீர் அடிவாரத்து மழையைப் பொறுத்ததன்று. உங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும்போதே மலைமேல் பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் இறங்கியதில் பதினேழு வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். காவலர் ஊதுகுழல் ஊதினால் ஏன், எதற்கு என்று கேட்காமல் கரையேறுங்கள்.

குற்றாலத்தை விட்டு இறங்கிய சிற்றாறு இலஞ்சியையும் தென்காசியையும் தொட்டுக்கொண்டு கிழக்கே போய், மலையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடியபின் சீவலப்பேரிக்கு அருகில் தாமிரவருணியோடு கலக்கிறது. வழியில் அரிகர நதி, குண்டாறு, அனுமன் நதி முதலியன வந்து சேர்கின்றன. சின்ன ஆறு என்று பெயர் வைத்தார்களே தவிர, அதனைச் சின்னதாக யாரும் நடத்தவில்லை. பதினைந்துக்கு மேற்பட்ட அணைக்கட்டுகளை அதன் குறுக்கே கட்டி, கால்வாய் பிரித்து, ஒரு குளம் நிறைந்தால் அடுத்த குளத்துக்கு மறுகால் பாயும்படி முன்னோர் அமைத்தனர். அணை, கால், மடை, மறுகால், கழுங்கு என்று நம் முதியோர் பேசும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பொறியியல் பாடம்.

சிற்றாற்றங்கரையில்தான் இலஞ்சிக் குமாரர் கோயில் உள்ளது. ஊரை வெளியுலகம் அறிவது இக்கோயிலாலேயே. 15-ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் இங்கு வந்து திருப்புகழ் பாடியிருக்கிறார். முருகன் வள்ளி தெய்வானையோடு விளங்குகிறார். சிவபெருமான் சந்நிதியும் உண்டு. அப்பெருமானுக்கு இருவாலுக நாயகர் என்பது திருப்பெயர். வாலுகம் என்றால் மணல். குற்றாலத்துக்கு வந்த அகத்திய முனிவர் இவ்விடத்தில் ஆற்று வெண்மணலைக் குவித்து இலிங்கம் அமைத்து வழிபட்டார் என்பது தலபுராணம். பரம்பொருளின் வடிவம் எது என்று முனிவர்கள் தம்முள் வாதிட்டபோது, முருகன் தோன்றி ஐயம் தீர்த்தான் என்றும் அப்புராணம் கூறும்.

புராணத்தை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் அதற்குள் நிலத்தின் நினைவு ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து பாய்ந்து வரும் ஆறு சமவெளியை அடைந்தவுடன் வேகம் குறைகிறது. சுமந்து வந்த மணலை முதலில் இறக்கிவைப்பது அடிவாரத்து ஊர்களில்தான். அவ்வகை ஊரில் இறைவன் மணலால் ஆனவன் என்று சொன்ன கதையை, புவியியல் ஆசிரியனாகிய நான் மிகவும் விரும்புகிறேன். இறைவனுக்கே பெயர் கொடுத்த அந்த மணல், ஆறுகளிலிருந்து வாரிச் செல்லப்படும் பண்டமாகிவிட்டது வேறு கதை.

அருணகிரிநாதர் வாழ்ந்த அதே நூற்றாண்டில் அருகே தென்காசியில் பெருவேலை ஒன்று தொடங்கியது. மதுரையை இழந்த பாண்டியர் குலத்தவரான பராக்கிரம பாண்டியர் 1446-ஆம் ஆண்டு அங்கே காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினார். 1457-இல் கோபுரத் திருப்பணியைத் தொடங்கினார். இக்கோயிலை எதிர்காலத்தில் காப்பவர் யாராயினும் அவர் பாதங்களை வணங்குவதாக அவர் கல்லில் பொறித்து வைத்தார். ஓர் அரசர் இன்னும் பிறவாத குடிமக்களை வணங்கிய செய்தி இது. கோபுரம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீக்கு இரையாகி, மிக நெடுங்காலம் சிதைந்தே நின்றது. மக்கள் பொருளுதவியால் ஒன்பது நிலைக் கோபுரமாக மீண்டும் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அம்மரபின் பின்னோரான அதிவீரராம பாண்டியரை நீங்கள் அறிவீர்கள். நைடதமும், வெற்றிவேற்கை எனப்படும் நறுந்தொகையும் அவர் இயற்றியவை. பேரரசு போனபின் மலையடிவாரத்தில் ஒதுங்கிய ஒரு குலம், வாளை வைத்துவிட்டு எழுத்தாணியை எடுத்தது போலும்.

எழுத்தாணி அவ்வட்டாரத்தில் பிறகும் ஓயவில்லை. இலஞ்சியை அடுத்துள்ளது மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்தவர். அந்நூலுக்காக மதுரை மன்னர் முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் அளித்தார்; அந்நிலம் குறவஞ்சிமேடு என்றே பெயர் பெற்றது. ஒரு பாட்டுக்காக ஒரு மேட்டுநிலம் பெயர் மாறிய ஊர்ப்புறம் இது. திருவிலஞ்சி முருகன் உலா என்னும் நூலும் இம்மண்ணில் எழுந்தது. அதனை 1935-இல் உ.வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்டார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் வாழ்ந்து, கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் சுவைக்கும் கலையைப் பலருக்கும் பழக்கி, 1954-இல் மறைந்தார். இவ்வளவும் ஒரு மாட்டுவண்டி அரைநாளில் சுற்றிவரக்கூடிய வட்டத்துக்குள்!

அந்த வட்டத்துக்குள்ளேயே ஓர் அரசியல் எல்லையும் ஓடியது என்பதை இன்றைய மாணவருள் எத்தனை பேர் அறிவர்? செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் நாள்வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. இலஞ்சியும் தென்காசியும் திருநெல்வேலி மாவட்டம். ஆங்கிலேயர் ஆண்ட நிலம். இலஞ்சியிலிருந்து மேற்கே நடந்தால் சற்று நேரத்தில் வேறு நாடு. இந்தப் பக்கம் ரூபாயும் அணாவும். அந்தப் பக்கம் திருவிதாங்கூர்ச் சக்கரமும் பணமும். கலெக்டர் ஆஷை 1911 சூன் 17-ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டையைச் சேர்ந்தவர் என்பதை நினைவுகூருங்கள். ஆங்கில ஆட்சியை எதிர்த்த அவர் அவ்வாட்சியின் நேர்குடிமகன் அல்லர்.

மொழிவழி மாநிலம் அமைந்தபோது செங்கோட்டை வட்டத்தின் கிழக்குப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. ஆரியங்காவு உள்ளிட்ட மேற்பகுதி கேரளத்தில் நின்றது. எல்லை மலைக்குப் போய்விட்டது. ஆனால் பெயர் இடம் மாறவில்லை. செங்கோட்டையை அடுத்த பிரானூரை மக்கள் இன்றும் 'பிரானூர் பார்டர்' என்கிறார்கள். சாரல் காலத்தில் வருவோர் அங்கே புரோட்டா தின்றுவிட்டுப் போகிறார்கள். 'பார்டர்' என்பது கடையின் பெயர் என்று எண்ணியிருந்த கல்லூரி மாணவரை நான் சந்தித்திருக்கிறேன். அரசுகள் அழித்த எல்லைக்கோட்டை ஒரு புரோட்டாக்கடை காப்பாற்றி வைத்திருக்கிறது!

எல்லை இருந்ததே தவிர அது சுவராக இருந்ததில்லை. நெல்லைச் சீமையின் பழைய பத்திரங்களையும் சாதகங்களையும் எடுத்துப் பாருங்கள், கி.பி. 825-இல் தொடங்கிய கொல்லம் ஆண்டின் கணக்கு அவற்றில் இருக்கும். மலைக்கு அப்பாலுள்ள துறைமுகத்தின் பெயரால் வழங்கும் ஆண்டுக்கணக்கு இப்பாலுள்ள உழவனின் ஓலையில் ஏறியது, அந்தக் கணவாய் வழியே வணிகமும் உறவும் இடையறாது நடந்ததால்தான். 1903-இல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைவரை இரயில் வந்தது. மறு ஆண்டு, 1904-இல், மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளில் பாலம் கட்டியும் கொல்லத்துடன் இணைத்தனர். பதின்மூன்று கண்களையுடைய கல்பாலம் ஒன்று அப்பாதையில் இன்றும் காண்போரைக் கவர்கிறது. மீட்டர் பாதையாக இருந்த அம்மலைப்பகுதி 2010-இல் மூடப்பட்டு, அகலப்பாதையாகி 2018-இல் மீண்டும் திறந்தது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. இலஞ்சி அதில் ஒரு பேரூராட்சி.

பழங்காலத்தைப் பேசிப் பொழுதைப் போக்குகிறேன் என்று எண்ணாதீர்கள். சென்ற ஆடியில் இலஞ்சிக்குப் போயிருந்தேன். நான் வேலை பார்த்த நாளில் சாலையின் இருமருங்கும் வயலாக இருந்த இடங்களில் மனைக்கற்கள் நட்டிருந்தன. விடுதிகள் எழுந்திருந்தன. அவற்றின் பெயர்ப்பலகைகளில் 'சாரல்', 'தென்றல்', 'அருவி' எல்லாம் இருந்தன. வீடு கட்டுவது குற்றமன்று. மக்கள் எங்கேயாவது குடியிருக்கத்தான் வேண்டும். ஆனால் வயலை மேடாக்கும்போது அதற்குள் ஓடிய வாய்க்கால் எங்கே போகும் என்று மண்ணைக் கொட்டியவரை நான் கேட்டபோது, "அது சும்மா கெடந்த ஓடை ஐயா" என்றார். மறுகால் ஓடை பதினொரு மாதம் சும்மாதான் கிடக்கும். ஐப்பசியில் குளம் நிறைந்து கழுங்கு வழியும் அந்தச் சில நாளுக்காகவே அதை வெட்டினார்கள். அந்த ஓடையை அறியாத தலைமுறைக்கு வெள்ளம் வீட்டுக்குள் வரும்போது அது இயற்கையின் சீற்றமாகத் தோன்றும்.

அதே பயணத்தில் என் பழைய மாணவனையும் கண்டேன். தலை நரைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வயல் வைத்திருக்கிறான். அடுத்த வயல்கள் மனையாகிவிட்டதால் தன் மடைக்கு நீர் கொண்டுவர முந்நூறடிக்குக் குழாய் பதித்திருப்பதாகச் சொன்னான். அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி நானே பேச்செடுத்தேன். பாட்டனார் சொன்னதைத்தான் எழுதினேன் என்று சிரித்தான். அன்றைய மதிப்பெண் பதிவேட்டில் நான் பிறகு திருத்திப் போட்ட இரண்டு மதிப்பெண்ணை அவன் அறிந்திருக்கவில்லை, அன்றுதான் சொன்னேன். வரப்பில் நின்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மேற்கே மலை மறைந்தது. வெயில் இருக்கும்போதே தூறல் விழத் தொடங்கியது. நான் குடையை விரித்தேன். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைத் திறக்கப் போனான்.